வலைக்கு ஈயமணி வார்த்தல்: புதிதாகத் தொடங்குவோருக்கு

ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் செலவாகும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே ஒரு கிலோகிராம் ஈயம் உருகிவிடும். அதன் உருகுநிலை 327 பாகை செல்சியஸ் என்று கேட்டதும் பெரிய சூளையும் துருத்தியும் வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் ஈயம் சூடேறுவதற்கும் உருகுவதற்கும் மிகக் குறைந்த வெப்பமே செலவாகும் என்பதால், காய்ந்த பாலை விறகு நாலு துண்டு எரிகின்ற மூன்று கல் அடுப்பே அதற்குப் போதும். முல்லைத்தீவுக் கரையிலும் நந்திக்கடல் ஓரத்திலும், இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களை நம்பிய ஊர்களிலும், தங்கள் வீச்சுவலைக்கு வேண்டிய ஈயமணியை வீட்டு வளவிலேயே வார்த்துக்கொள்பவர்கள் இருப்பதற்கு இந்த இலகுவே காரணம்.

இந்த இலகுவே இந்த வேலையின் ஆபத்துக்கும் காரணம். பால் காய்ச்சுவதுபோல் செய்து முடித்துவிடக்கூடிய ஒன்றை மனிதர் பால் காய்ச்சும் இடத்திலேயே, பால் காய்ச்சும் கவனத்தோடேயே செய்யத் தொடங்கிவிடுகின்றனர். நெருப்பையும் கொதிக்கும் உலோகத்தையும் கண்டு எல்லோரும் விலகி நிற்கிறோம். வேலை முடிந்தபின் விரலில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் தூளைக் கண்டு எவரும் விலகுவதில்லை. ஈயம் வார்க்கப் பழகுபவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் இடையிலான வேறுபாட்டைத்தான். சுடுகின்ற ஆபத்து சில நிமிடங்களுக்கு உரியது. ஒட்டுகின்ற ஆபத்து பல ஆண்டுகளுக்கு உரியது.

காரீயமும் வெள்ளீயமும்

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வதும் வெள்ளீயத்தில். அது 232 பாகையில் உருகும், உணவோடு சேர்ந்தாலும் பெரிய கெடுதி செய்யாது. வலையில் கோப்பது காரீயம். இது வெள்ளீயத்தைவிட மிகவும் பாரமானது, மென்மையானது, நஞ்சானது. "எங்கள் ஆச்சி ஈயச் சட்டியில் சமைத்துத்தானே எங்களை வளர்த்தா" என்று காரீயத்துக்கு நியாயம் சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆச்சி சமைத்தது வெள்ளீயத்தில் என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது. இனி இந்தக் கட்டுரையில் ஈயம் என்று வருமிடமெல்லாம் காரீயத்தையே குறிக்கும்.

மின்சார வேலைகளில் பற்றவைக்கும் பழைய கம்பிகளில் இரண்டும் கலந்திருக்கும். வெள்ளீயம் 63 வீதமும் காரீயம் 37 வீதமுமாகக் கலந்தால் அந்தக் கலவை 183 பாகையிலேயே உருகுவதும், தனித்தனியே இரண்டும் உருகும் வெப்பநிலையைவிட அது குறைவாக இருப்பதும் வியப்பான செய்திதான். ஆயினும் வலைமணிக்கு அந்தக் கலவை தேவையில்லை.

வலைக்கு ஏன் ஈயம்

சுட்ட களிமண் மணியும் துளையிட்ட கல்லும் வலையை அமிழ்த்தும் வேலையை நெடுங்காலம் செய்துவந்திருக்கின்றன. அவற்றைவிட ஈயம் எவ்வாறு மேலானது என்பதைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நீருக்குள் எந்தப் பொருளும் தான் ஒதுக்கும் நீரின் எடையளவுக்கு இலேசாகிவிடும். கரையில் ஒரு கிலோகிராம் இருக்கும் சுட்ட மண் கடல்நீருக்குள் போனால் ஏறக்குறைய அரைக் கிலோகிராம் எடையோடுதான் வலையை இழுக்கும். கருங்கல் 600 கிராமுக்குச் சற்று மேல், இரும்பு 870 கிராம். ஈயமோ 910 கிராம் எடையோடு இழுக்கும். ஒரு கன சென்ரிமீற்றர் ஈயத்தின் எடை 11.34 கிராம் என்பதால், ஒரே எடைக்கு ஈயமணி மிகச் சிறிதாகவும் இருக்கும்; சிறிய மணி நீரைக் குறைவாகவே தடுக்கும், ஆகவே வேகமாகத் தாழும். வீச்சுவலையில் இதுதான் முக்கியம். விரிந்த வலை அடிநிலத்தைத் தொடுவதற்குள் இறால் கூட்டம் கலைந்துவிட்டால் வீசிய வீச்சு வீண்.

எவ்வளவு ஈயம் வேண்டும் என்பதை அடுப்பு மூட்டுமுன் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. மையத்திலிருந்து ஓரம் வரை 10 அடி இருக்கும் வலையை எடுத்துக்கொண்டால், அதன் சுற்று ஓரம் ஏறக்குறைய 63 அடி, அதாவது 19 மீற்றர் வரும். ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒரு மணி கோத்தால் 380 மணிகள் பிடிக்கும். ஒரு மணி 10 கிராம் என்றால் மொத்தம் 3.8 கிலோகிராம். இருபது மில்லிமீற்றர் நீளமும் எட்டு மில்லிமீற்றர் தடிப்பும், கயிறு கோப்பதற்கு நடுவில் மூன்று மில்லிமீற்றர் துளையும் உள்ள மணி கிட்டத்தட்ட அந்த 10 கிராம் வரும். கசடாகவும் சிந்தியும் போவதையும் சேர்த்து நாலரைக் கிலோகிராம் ஈயம் கையில் இருந்தால் ஒரு வலைக்குத் தட்டுப்பாடு வராது. முழுவதையும் ஒரே நாளில் வார்க்க வேண்டியதில்லை. புதியவர் முதல் நாளில் நாற்பது நல்ல மணி எடுத்தாலே போதும்.

ஈயத்தை எங்கே எடுப்பது, எங்கே எடுக்கக் கூடாது

கிழிந்துபோன பழைய வலையின் மணிகளே மிகச் சிறந்த ஈயம். அதற்கடுத்தது பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஈயத் தகடும் ஈயக் குழாயும். ரயர் கடைகளில் சில்லைச் சமன்செய்யப் பொருத்தும் சிறிய எடைக்கட்டிகள் முன்பு ஈயத்தில்தான் வந்தன. அவற்றில் அந்திமனி என்ற உலோகம் சிறிதளவு கலந்திருப்பதால் மணி சற்றுக் கடினமாக வரும், அது குறையில்லை. இன்று அந்தக் கட்டிகளில் பல துத்தநாகத்திலும் இரும்பிலும் செய்யப்படுகின்றன. துத்தநாகம் கலந்த ஈயம் உருகியபின் கஞ்சிபோல் திரண்டு நிற்கும், அச்சுக்குள் ஓடாது. எனவே ஒவ்வொரு கட்டியையும் குறட்டினால் நறுக்கிப் பாருங்கள். ஈயம் மெத்தென்று நறுங்கும், நறுங்கிய முகம் பளபளக்கும். துத்தநாகம் விடாப்பிடியாக நிற்கும், தரையில் போட்டால் கணீரென்று ஒலிக்கும். தப்பித் தவறி ஒன்று சட்டிக்குள் போய்விட்டாலும், துத்தநாகம் 419 பாகையில்தான் உருகும் என்பதால், வெப்பத்தை அதற்குக் கீழே வைத்திருந்தால் எடைக்கட்டிகளில் இருந்த இரும்புக் கொளுக்கிகளோடு சேர்ந்து அதுவும் மேலே மிதந்து நிற்கும். அகப்பையால் அள்ளி எடுத்துவிடலாம்.

வாகனப் பற்றரியை உடைத்து ஈயம் எடுக்கவே கூடாது. அதற்குள் இருப்பது சல்பூரிக்கமிலத்தில் ஊறிய ஈயச் சேர்வைகளின் சேறு. அது காய்ந்ததும் மிக நுண்ணிய தூளாகி மண்ணிலும் துணியிலும் கிணற்றடியிலும் படிந்துவிடும். அதை உருக்கும்போது வரும் புகை, உலோக ஈயத்தை உருக்கும்போது வருவதைவிடப் பல மடங்கு கெடுதியானது. செனகல் நாட்டின் தலைநகரான டக்கார் நகருக்கு அருகே ஒரு குடியிருப்பில் பழைய பற்றரிகளைப் பிரித்து ஈயம் எடுத்துவந்த இடத்தில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தனர். வளவு மண்ணில் விளையாடிய பிள்ளைகள் அவர்கள். பற்றரி வாங்கும் கடைக்குப் பழைய பற்றரியை முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வன்னியில் இருப்பவருக்கு இன்னொரு விலக்கும் உண்டு, அதை நான் மிகுந்த அழுத்தத்தோடு சொல்கிறேன். 2009 இல் போர் முடிந்தபின்னரும் எங்கள் காணிகளிலும் காடுகளிலும் வாய்க்கால் கரைகளிலும் வெடிக்காத பொருட்கள் கிடக்கின்றன. மண்ணிலிருந்து கிளறியெடுத்த துப்பாக்கி ரவை, வெற்றுக் கோது, எறிகணைத் துண்டு, இன்னதென்று தெரியாத உலோக உருளை ஆகிய எதையும் சட்டிக்குள் போடக் கூடாது, தொடவும் கூடாது. வெற்றுத் துண்டு என்று கண்ணுக்குத் தெரிவதற்குள் மருந்து மிச்சமிருக்கலாம், ரவையின் நுனிக்குள் எரியும் கலவை அடைக்கப்பட்டிருக்கலாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ரவைகளை வைத்திருப்பது குற்றமும் ஆகும். அப்படி ஏதேனும் கண்டால் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, வந்த வழியாலேயே திரும்பி, 119 என்ற இலக்கத்தில் பொலிசாருக்கு அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றும் அணிகள் 2002 இலிருந்து வடக்கில் வேலை செய்தும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது என்றால், ஐந்நூறு கிராம் ஈயத்துக்காக அந்த மண்ணைக் கிளறுவது எவருக்கும் தேவையற்றது.

இடமும் பாத்திரமும்

வீட்டுக்குள்ளும் குசினிக்குள்ளும் இந்த வேலை இல்லை. கிணற்றிலிருந்தும் பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலிருந்தும் விலகி, மூன்று பக்கமாவது திறந்திருக்கும் இடத்தில், காய்ந்த மணல் தரையில் அடுப்பை வையுங்கள். சீமெந்துத் தரை நல்லதுபோல் தோன்றும். ஆனால் அதற்குள் எப்போதும் ஈரம் உண்டு. உருகிய ஈயம் சிந்தினால் சீமெந்தே வெடித்துத் தெறிக்கும். சோளகக் காலத்து மெல்லிய காலைக் காற்று இந்த வேலைக்கு ஏற்றது. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து புகையை முன்னே தள்ளிக்கொண்டு போகும்படி நில்லுங்கள். மாரியில் அடுப்பு மூட்ட வேண்டாம்.

சட்டி தடித்த இரும்பாக இருக்க வேண்டும். அலுமினியச் சட்டி சூட்டில் தளர்ந்து பாரத்தைத் தாங்காமல் போகலாம். பால்மா ரின் மெல்லியது, அதன் ஒட்டும் விட்டுப்போகலாம். நாலு கிலோகிராம் ஈயம் ஒரு தேநீர்க் கோப்பையின் இரண்டு மடங்கைத் தாண்டாது, ஆனால் அந்தச் சிறிய அளவின் பாரம் கைப்பிடியை வளைக்கப் போதும். ஊற்றுவதற்கு நீண்ட பிடியுள்ள இரும்பு அகப்பை வேண்டும். சட்டியும் அகப்பையும் ஒருநாள் ஈயம் கண்டுவிட்டால், அதன்பின் அவை சமையலுக்கு வரக் கூடாது. பிழையாக எவரும் எடுத்துவிடாதிருக்க, என் சட்டியின் பிடியில் சிவப்பு வர்ணம் பூசி, குசினியிலிருந்து தூரமாக வலைக் கொட்டிலில் தொங்கவிட்டிருக்கிறேன்.

உடுப்பைப் பொறுத்தவரை, சாரமும் செருப்பும் இந்த வேலைக்கு உதவா. முழுக்கைப் பருத்திச் சட்டை, பாதத்தை மூடும் தோல் சப்பாத்து, சப்பாத்தின் வாயை மூடிக்கொண்டு இறங்கும் நீளக் காற்சட்டை, தோல் கையுறை, கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி ஆகியன வேண்டும். செயற்கை இழைத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், எனவே அது வேண்டாம்.

அச்சு

வார்ப்பு என்பது வெற்றிடம் ஒன்றை நிரப்பி உறையவிடும் வேலை. வெற்றிடத்தின் வடிவம் சரியாக இருந்தால் மணி சரியாக இருக்கும். ஆகவே அச்சுக்குச் செலவிடும் நேரம் வீணாகாது. இரு பாதிகளாகப் பிரியும் அலுமினிய அச்சு மிகச் சிறந்தது. அலுமினியம் 660 பாகையில்தான் உருகும், வெப்பத்தை விரைவாகக் கடத்தும், மணியும் ஒட்டாமல் விழும். கடைசல் வேலை செய்யும் இடத்தில் கொடுத்தால் பத்து மணி ஒரே நேரத்தில் வார்க்கும் அச்சைச் செய்து தருவார்கள். செலவு செய்ய முடியாதவர் நன்கு காய்ந்த முதிரைப் பலகை இரண்டில் பாதிப் பாதியாகக் குடைந்து தொடங்கலாம். ஒவ்வொரு ஊற்றலுக்கும் மரம் கொஞ்சம் கருகும், சில டசின் மணிகளுக்குப் பின் வடிவம் கெடும், ஆனால் பழகுவதற்கு அது போதும்.

துளைக்கு, பூச்சை முழுதாக உதிர்த்த மூன்று மில்லிமீற்றர் வெல்டிங் கம்பியை அச்சின் நடுவே நீட்டிவைத்து, ஈயம் உறைந்தபின் குறட்டால் உருவிவிட வேண்டும். கம்பியையும் அச்சின் உட்புறத்தையும் மண்ணெண்ணெய் விளக்கின் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைத்தால் ஈயம் அவற்றோடு ஒட்டாது. மேலே ஈயம் ஊற்றும் வாயைப் புனல்போல் சற்று அகலமாக விடுவதற்குக் காரணம் உண்டு. ஈயம் உறையும்போது கனவளவில் மூன்று நான்கு வீதம் சுருங்கும். வாயில் நிற்கும் மிகை ஈயம் கடைசியாக உறைந்து, உள்ளே சுருங்கும் மணிக்குத் தன்னிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கும். வாய் ஒடுக்கமாக இருந்தால் அதுவே முதலில் அடைபட்டு, மணியின் வயிற்றில் பொந்து விழும்.

உருக்கலும் ஊற்றலும்

ஈயத் துண்டுகளை அடுப்பு மூட்டுமுன்னரே சட்டிக்குள் போட்டுவிட்டு, சட்டியோடு சேர்த்துச் சூடேற்றுங்கள். முதலில் ஓரங்கள் வியர்ப்பதுபோல் பளபளத்து, பின் துண்டுகள் தலைசாய்ந்து ஒன்றுள் ஒன்று அமிழும். முழுதும் உருகியதும் மேலே சாம்பல் நிறத்தில் ஆடை படரும். அது ஈயமும் காற்றும் சேர்ந்து உண்டாகும் ஈயவொட்சைட்டு. பட்டாணி அளவு மெழுகைப் போட்டு, அது புகைந்து தீப்பிடித்து எரிய விட்டு, அகப்பையால் அடிவரை மெதுவாகக் கலக்கினால், ஆடையில் அகப்பட்ட ஈயத்தில் ஒரு பகுதி மீண்டும் உருகலோடு சேரும். மிஞ்சும் கறுத்த கசடை மெதுவாக வழித்து, மூடியுள்ள ரின் ஒன்றுக்குள் போட்டு உடனே மூடுங்கள். கசடைத் தட்டாதீர்கள், ஊதாதீர்கள்; இந்த வேலையில் மிகக் கொடிய தூள் அதுதான்.

ஊற்றுவதற்கு 350 இலிருந்து 400 பாகை வரை போதும். அதற்கென்று உள்ள வெப்பமானி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காதவர்கள் பழைய முறைப்படி ஒரு காய்ந்த கடதாசித் துண்டை உருகலில் தொட்டுப் பார்ப்பார்கள். கபில நிறமாகக் கருகினால் அளவான சூடு, உடனே தீப்பற்றினால் மிகைச் சூடு. வழித்த கையோடு மேற்பரப்பு மஞ்சளாகவும் ஊதாவாகவும் நிறம் மாறினாலும் விறகை இழுத்துவிட வேண்டும். சூடு 500 பாகையைத் தாண்டத் தாண்ட ஈயப் புகை கூடும். அளவான சூட்டில் புகை மிகக் குறைவு என்பதால், வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது முகமூடியைவிடப் பெரிய காப்பு. துணி முகமூடியை நம்பி அடுப்பைக் கொழுத்திவிட வேண்டாம்.

அச்சும் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த அச்சுக்குள் விழும் ஈயம் ஓரத்தை அடையுமுன்னரே உறைந்து, மணியின் தோல் கிழவரின் புறங்கைபோல் சுருங்கியிருக்கும். அச்சும் ஈயமும் மிகவும் சூடேறினால் மணியின் முகம் பனி படர்ந்ததுபோல் மங்கி வரும். பிழையான மணிகளை ஒதுக்கிவைத்து அடுத்த உருக்கலில் சேர்க்கலாம். முதல் ஐந்தாறு அச்சு எப்படியும் அச்சைச் சூடேற்றுவதற்கே போகும். இணைப்பில் தகடுபோல் விளிம்பு நீண்டால் அச்சின் இரு பாதிகளும் சரியாகப் பொருந்தவில்லை. ஊற்றும்போது இடையில் நிறுத்தாமல், ஒரே ஓட்டமாக, வாய் நிரம்பி வழியும் அளவுக்கு ஊற்ற வேண்டும். வாயில் நிற்கும் ஈயத்தின் பளபளப்பு ஒரு கணத்தில் மங்கும். அதுதான் உறையும் கணம். அதன்பின் பத்து வரை எண்ணிவிட்டு அச்சைத் திறக்கலாம்.

தண்ணீர்

நான் பழகிய முதல் ஆண்டில், மாரி இடைவிட்ட ஒரு நாள், கிடுகுத் தாழ்வாரத்தில் கிடந்த மர அச்சை எடுத்து, வெளியே தொட்டுப் பார்த்துக் காய்ந்திருக்கிறது என்று நம்பி ஈயத்தை ஊற்றினேன். படாரென்ற ஒலியோடு வாயிலிருந்த ஈயம் முழுவதும் மேலே எழும்பிச் சிதறியது. கொட்டிலின் வரிச்சில் போய் ஒட்டியிருந்த துளிகளைப் பிறகு கண்டேன். ஒரு துளி செருப்பின் வாருக்கும் காலுக்கும் இடையில் புகுந்துகொண்டது. அதை உதற வழியில்லாமல் வாரோடு சேர்த்துக் கழற்றிய அந்த ஒரு கணத்தின் அடையாளம் என் வலது பாதத்தில் இன்னும் மிளகளவில் இருக்கிறது. கண்ணில் கண்ணாடி இருக்கவில்லை. முகத்துக்கு ஒன்றும் வராதது என் கவனத்தால் அல்ல.

நடந்தது இதுதான். தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். மரத்தின் நார்களுக்குள் ஒளிந்திருந்த ஈரம் ஈயத்தின் அடியில் அகப்பட்டு, நொடியில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் ஈயத்தையே தூக்கி எறிந்தது. நெற்றி வியர்வை ஒரு துளி உருகலின் மேல் விழுந்தால் சீறிக்கொண்டு ஓடி மறையும். மேலே விழும் நீருக்கு வழி திறந்திருக்கிறது. உருகலின் அடியில் போகும் நீருக்கு வழி இல்லை. ஆகவே, உருகிய சட்டிக்குள் புதிய துண்டு சேர்ப்பதானால் அதை முதலில் அடுப்பருகே நெடுநேரம் சூடாக்கி, அகப்பையில் வைத்து மெதுவாக இறக்க வேண்டும். கடலில் கிடந்த பழைய மணிகளின் துளைக்குள் உப்பும் ஈரமும் நிற்கும். அவற்றை இரண்டு நாள் வெயிலில் காயவைத்தபின், குளிர்ந்த சட்டியில் போட்டுத்தான் தொடங்க வேண்டும். குளிர்ந்த அகப்பையைக்கூட நேரே உருகலுக்குள் விடாமல், அதன் மேல் சற்றுப் பிடித்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வார்த்த மணிகளைக் குளிரவைக்க அருகில் நீர் வாளி வைக்கும் பழக்கமும் வேண்டாம். மணல் மேல் கிடந்தாலே அவை ஆறிவிடும். சுட்டுவிட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடித்து, காயம் பெரிதானால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் பெறுங்கள்.

கையிலிருந்து வாய்க்கு

உலோக ஈயம் தோல் வழியாக உடலுக்குள் போவதில்லை என்பது உண்மை. அது வாய் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகிறது. கையில் ஒட்டிய தூள் வெற்றிலையோடு போகிறது, சுருட்டின் அடிநுனியோடு போகிறது, இடையில் குடிக்கும் தேநீர்க் கோப்பையின் விளிம்போடு போகிறது. உடல் அதைக் கல்சியம் என்று பிழையாக எடுத்துக்கொண்டு எலும்பில் சேமிக்கிறது. இரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஒரு மாதம் அளவாகும். எலும்பில் சேர்ந்ததோ பல பத்து ஆண்டுகள் இருந்து, மெல்ல மெல்ல இரத்தத்துக்குத் திரும்பும். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் தாயிடமிருந்து அது கடந்துபோகும். ஒரே அளவு ஈயத்தை விழுங்கினாலும் சிறு பிள்ளையின் உடல் பெரியவரைவிட நாலைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும். பிள்ளையின் மூளை வளர்ச்சியையே அது தடுக்கும். வெளியே தெரியும் நோய்க்குறி எதுவும் இல்லாமலே படிப்பும் கவனமும் குன்றும். கெடுதி செய்யாத அளவு என்று அறியப்பட்ட ஒன்று ஈயத்துக்கு இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பெற்றோலில் ஈயம் சேர்ப்பதை இலங்கை 2002 இல் நிறுத்தியதும் இதனால்தான்.

வலைக்காரரின் பழக்கங்களை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தூண்டில் கயிற்றில் சிறிய ஈயத்தைப் பல்லால் கடித்து இறுக்குகிறோம். வீச்சுவலையைத் தோளில் போட்டு, மணி கோத்த ஓரத்தை முன்பல்லில் கவ்விக்கொண்டு, உடம்பைத் திருப்பி வீசுகிறோம். பல்லில் படும் மணிகளை எடுத்துப் பாருங்கள். மற்ற மணிகள் கறுத்துக் கிடக்க, அவை மட்டும் மினுங்கும். ஈயம் காற்றுப் பட்டதும் மங்கிவிடும் உலோகம். அது மினுங்குகிறது என்றால் அதன் மேல்தோல் புதிதாகத் தேய்ந்திருக்கிறது. அந்தத் தேய்மானம் போன இடம் வாய். நாளொன்றுக்கு நூறு வீச்சு வீசுபவருக்கு இது சிறிய விடயம் அல்ல.

எனவே வார்க்கும் நாளில் சட்டி அடுப்பில் இருக்கும்வரை வாய்க்கு எதுவும் கொண்டுபோவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டு, நக இடுக்குவரை கழுவுங்கள். அந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்க வேண்டாம். அதைத் தனியே துவைக்க வேண்டும், சப்பாத்து வீட்டுப் படிக்கு வெளியே நிற்க வேண்டும். அடுப்பிருந்த இடத்து மணலைக் கிளறிச் சிந்திய துளிகளைப் பொறுக்குங்கள், கோழி கொத்தும் முன்னர். கசடு ரின்னைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், ஈயம் வாங்கும் பழைய இரும்புக் கடைக்கு மூடியோடு கொடுங்கள். நீர்ப்பறவைகள் இரையை அரைப்பதற்குச் சிறு கற்களை விழுங்கும்போது சிறிய ஈயக் குண்டுகளையும் விழுங்கி இறப்பதைக் கண்டுதான், பிரித்தானியாவில் 28 கிராம் வரையான சிறிய தூண்டில் ஈயங்களின் விற்பனை 1987 இல் தடைசெய்யப்பட்டது. நாரையும் கொக்கும் பூநாரையும் இறங்கும் எங்கள் களப்புகளில் அறுந்த மணிகளை அப்படியே விட்டுவர எனக்கு மனம் வருவதில்லை. வலை பொத்தும்போது விழுந்த மணியைத் தேடி எடுத்துவிடுகிறேன்.

பல்லைப் பயன்படுத்தாமல் வீசுவதற்கும் முறை உண்டு. வலையின் மூன்றில் ஒரு பங்கை இடது முழங்கையில் மடித்துப் போட்டு, ஓரத்தைப் பல்லுக்குப் பதிலாக இடது கைப் பெருவிரலில் கொளுவி, வலது கையால் மீதியை எடுத்து வீச வேண்டும். நான் அதைப் பழக ஒரு மாதம் எடுத்தது. முதல் கிழமை வலை பிறைபோல் பாதிதான் விரிந்தது, ஒரு நாள் பெருவிரல் கொளுவியபடியே நின்று வலையோடு நானும் முழங்கால் தண்ணீரில் விழுந்தேன். இப்போது வட்டுவாகல் பக்கத்து ஆழம் குறைந்த நீரில் நின்று வீசும்போது வலை முழு வட்டமாக விழுகிறது. ஓரத்து மணிகள் எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கின்றன.